வெள்ளை பூட்ஸ், வலது கால்

கடற்கரை நகரமான அக்ராவின் பழைய துணிச் சந்தையில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் கால்பந்து பூட்ஸ் விற்பவர்கள் பதினேழு பேர். அதில் பதினாறு பேர் பொய்யர்கள். பதினேழாவது ஆள் நான். என்னைப் பற்றி அந்தப் பதினாறு பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சரக்கு பொதியில் வரும். கடல் தாண்டி வந்த பழைய காலணிப் பொதியைக் காலையில் கத்தியால் கிழிக்கும்போது, உள்ளே என்ன இருக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. பள்ளிக்கூட ஷூ, யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டுச் செருப்பு, நடுநடுவே நாலைந்து பூட்ஸ். வழியில் லேஸ் முடிச்சு அவிழ்ந்துவிட்டால் ஜோடி பிரிந்துவிடும். இடது என் பொதியில் கிடக்கும். வலது எந்த ஊர்ச் சந்தைக்குப் போனதோ தெரியாது. அப்படி ஒற்றையாக வந்து சேர்வதற்குத் தனிக்கட்டை என்று பெயர். அதைத் தூக்கிப் போட மனசு வராது. பெட்டியில் போட்டு வைப்போம். அளவும் நிறமும் ஒத்துவருகிற இன்னொரு தனிக்கட்டை என்றைக்காவது வந்தால், சாயம் பூசி, அரம் போட்டுத் தேய்த்து, இரண்டையும் ஒரே லேஸில் கட்டித் தொங்கவிடுவோம். அதற்குப் பெயர் கல்யாணம். எங்கள் வரிசையில் என்னைப் போலக் கல்யாணம் பண்ணி வைக்க ஆள் கிடையாது. என் பெயர் அயிக்வே; அயிக்வே சேர்த்து வைத்த ஜோடியை அதைச் செய்த கம்பெனிக்காரனே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பார்கள்.

இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் கால் போனது இதனால்தான்.

அவள் பெயர் அமெர்லே. எனக்குப் பதினோரு வயது இளையவள். அம்மா சோர்க்கோர் கடற்கரையில் மீனுக்குப் புகை போடுகிறவள். வீட்டில் என்னைத் தவிர எல்லோர் மேலும் புகை வாடை அடிக்கும், அமெர்லே மேலும் அடிக்கும். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கடலில் வலை இறங்கக் கூடாது. அன்றைக்கு மீனவர்கள் எல்லோரும் செம்மண் மைதானத்துக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதில் அமெர்லே அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தாள். "ஏய் புகைமீனு, ஓரமா போயி நில்லு" என்று விரட்டுவார்கள். அவளும் ஓரமாகத்தான் போவாள், பந்தோடு. இடது ஓரத்தில் கோடு வரைக்கும் ஓடி, வலது காலைத் தரையில் ஊன்றி, அதன் மேலேயே ஒரு சுழி சுழித்து, இடது காலால் பந்தை உள்ளே அனுப்புவாள். வலை இழுத்து உரமேறிய ஆள்கள் அவள் போன பக்கம் தெரியாமல் உட்கார்ந்து போவார்கள். ஏழு வருஷம் அந்த ஒரே வித்தையைத்தான் செய்தாள். ஏழு வருஷமும் ஒருத்தராலும் தடுக்க முடியவில்லை.

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒரு ஜஸ்டிஃபை வந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்க வைக்கும் ஆட்டத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். உன்னை ஏன் எடுக்க வேண்டும், ஓடிக் காட்டு, என்று பொருள். பனி பெய்கிற நாட்டிலிருந்து ஒரு பெண்கள் கிளப் வருகிறது. நூற்று இருபது பேரை ஆடவிட்டு இரண்டு பேரை எடுக்கும். ஒவ்வொருத்திக்கும் இருபது நிமிஷம். ஆட்டம் நகரத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட செயற்கைப் புல் மைதானத்தில். அமெர்லே அதுவரை செயற்கைப் புல்லில் கால் வைத்ததில்லை. நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி.

எடுத்துவிட்டால் அவள் ஆட்டக்காரி. எடுக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு புகை அடுப்பு. இதை யாரும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அம்மா அவளை அடுப்புப் பக்கம் வரவிடவே இல்லை.

அவளுடைய பழைய பூட்ஸ் வாய் பிளந்து கிடந்தது. கடைக்கு வந்தாள். அவளுக்காகவே இரண்டு ஜோடி எடுத்து வைத்திருந்தேன்.

ஒன்று கறுப்பு. ஒரே பொதியில் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வந்த ஜோடி. அடியில் குட்டை குட்டையாக, வட்ட வட்டமாக நிறைய ஸ்டட், அதாவது தரையைப் பிடிக்கிற குமிழ். காலுக்கு அடக்கம், ஆனால் பார்க்கச் சகிக்காது. நாலு மாதமாகத் தொங்குகிறது, ஒருத்தரும் கையால் தொடவில்லை. பக்கத்துக் கடைக்காரன் அதற்கு அடுப்புக்கரி என்று பெயர் வைத்திருந்தான்.

இன்னொன்று வெள்ளை. அதை என்னவென்று சொல்வது? பூட்ஸ் மாதிரியே இருக்காது. தெருவில் போட்டுத் திரிகிற ஸ்னீக்கர் மாதிரி மெத்தென்ற கழுத்து, தடித்த நாக்கு, பக்கவாட்டில் சிவப்புப் பிறை, அடியில் தேன் நிற ரப்பர். ஜீன்ஸுக்குக் கீழே போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகலாம். திருப்பிப் பார்த்தால்தான் ஸ்டட் இருப்பது தெரியும்.

அந்த வெள்ளையின் இடது கால் முதலில் தனிக்கட்டையாக என்னிடம் வந்தது. ஆறு வாரம் பெட்டியில் வைத்து ஏங்கினேன். ஏழாவது வாரம் வேறொரு பொதியில் வலது கால் வந்தது. அதே பிறை, அதே தையல், அதே அளவு. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே அச்சு அசல் ஒன்று; அடியில்தான் வேறு. இடதுக்குக் குட்டையான வட்ட ஸ்டட். வலதுக்கு நீளமான, தட்டையான, கத்தி மாதிரி ஸ்டட். ஒரே பூட்ஸை வேறு வேறு தரைக்காக இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள் போல. இருந்தால் என்ன? அரம் எதற்கு இருக்கிறது? வலதின் ஸ்டட்டை இடதின் உயரத்துக்குத் தேய்த்தேன். முனைகளை வழித்து, தேன் நிறச் சாயம் பூசினேன். எங்கள் மைதானங்கள் காய்ந்த செம்மண். அதில் எந்த ஸ்டட்டும் ஒன்றுதான். எதுவும் உள்ளே இறங்காது, எதுவும் பிடிக்காது. இப்படி நூறு கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறேன், ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

அமெர்லே வெள்ளையைத்தான் முதலில் எடுத்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். பிறகு கீழே வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தாள்.

"கோச் குட்டை ஸ்டட்டா பாத்து எடுக்கச் சொன்னாருண்ணே. அந்தப் புல்லுக்கு அதான் சரியாம்."

எங்கள் மைதானத்துப் பிள்ளைகளைப் பழக்குகிற கோச் ஓடோய்க்கு நான் ஐந்து வருஷமாகப் பூட்ஸ் கொடுக்கிறேன். அவர் எனக்கு ஸ்டட் சொல்லித் தருகிறாரா என்று எனக்குச் சுருக்கென்றது.

"நூத்தி இருபது பேரு ஓடுவீங்க" என்றேன். "எல்லாருக்கும் ஒரே பனியன். இருபது நிமிஷத்துல உன்னை யாரு அடையாளம் கண்டுபிடிப்பா? பாக்குறவன் கண்ணு முதல்ல காலுக்குத்தான் போவும். அடுப்புக்கரியப் போட்டுட்டுப் போனா நூத்தி இருபதுல நீ ஒருத்தி, அவ்வளவுதான்."

"அழகாத்தான் இருக்கு. ஆடுறதுக்கு எப்படிண்ணே இருக்கும்?"

"ஆடப் போறது நீயா, பூட்ஸா?"

சிரித்துவிட்டாள். "சரி, நீ எதைச் சொல்றியோ அது" என்று சொல்லி, வெள்ளையைப் போட்டுக்கொண்டு கண்ணாடித் துண்டு முன்னால் நின்று காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அண்ணன் கொடுத்ததைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய படம் ஒன்றை, அந்த வெள்ளை பூட்ஸோடு, என் கடை நெற்றியில் மாட்டுவதாக நான் மனசுக்குள் அப்போதே இடம் பார்த்துவிட்டேன். பனி நாட்டுக்குப் போன ஆட்டக்காரிக்குப் பூட்ஸ் கொடுத்த கடை. தங்கைக்கு என்ன நல்லது என்று மட்டும் யோசித்திருந்தால் கை கறுப்புக்குத்தான் போயிருக்கும்.

மூன்று நாள் செம்மண்ணில் ஓடிப் பார்த்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. மடலில் சுற்றி விற்கும் மக்காச்சோள உருண்டையான கெங்கி வாங்கப் போகும்போதும் அதையே போட்டுக்கொண்டு போனாள். கடைக்காரி, "ஆட்டத்துக்கா கல்யாணத்துக்கா?" என்று கேட்டு, ஒரு வறுத்த மீனைச் சும்மா வைத்துக் கொடுத்தாளாம். அதை வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆட்டத்தன்று நானும் கூடப் போனேன். கோச் ஓடோய் வற்புறுத்தியதால் கறுப்பு ஜோடியும் என் பையில் இருந்தது. அந்தப் புல்லை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பச்சைச் சீப்பைக் கவிழ்த்து வைத்தது மாதிரி அடர்த்தியாக, ஒரே உயரத்தில் இருந்தது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று. செம்மண்ணில் எதுவும் இறங்காது, இதில் இறங்கும்.

அமெர்லே உடம்பைச் சூடாக்க இரண்டு சுற்று ஓடினாள். கேமராவோடு வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவளுடைய காலைப் பார்த்து நின்று, குனிந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் சொன்னது அப்படியே நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெர்லே கோட்டோரமாக என்னிடம் வந்தாள்.

"வலது கால் பிடிக்குதுண்ணே. திரும்புறப்போ விடவே மாட்டேங்குது."

அந்த நொடியில் எனக்குத் தெரியவில்லை என்று இரண்டு வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தது. வட்ட ஸ்டட் புல்லுக்குள் சுழலும், எவ்வளவு தேய்த்தாலும் தட்டை ஸ்டட் சுழலாது; அரம் போட்ட கைக்கு எது எங்கே பிடிக்கும் என்று தெரியாதா? பையின் வாய் திறந்துதான் இருந்தது. மேலேயே கறுப்பு இருந்தது. கையை விட்டு எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பெண்மணி இன்னும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு அப்படித்தான் இருக்கும்" என்றேன். "ரெண்டு ஓட்டம் ஓடு, இளகிடும்."

தலையாட்டிவிட்டு ஓடினாள்.

பதின்மூன்று நிமிஷம் அவள் ஆடிய ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தன்னைக் காவல் காத்த பெண்ணை இரண்டு முறை கடந்து போனாள். கோச் ஓடோய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எதையோ எழுதினார்கள். பதினாலாவது நிமிஷம் மறுபடியும் பந்து இடது ஓரத்துக்கு வந்தது. கோடு வரைக்கும் ஓடினாள். வலது காலை ஊன்றினாள். உடம்பு சுழன்றது, கால் சுழலவில்லை. ஈர விறகை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. கையைப் பின்னால் ஊன்றி உட்கார்ந்துகொண்டு, யாரோ கூப்பிட்டது மாதிரி என் பக்கம் பார்த்தாள்.

முட்டிக்குள் இருக்கும் நார் முழுசாக அறுந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. நடை திரும்பி வந்தது, ஆட்டம் வரவில்லை. படிக்கட்டில் ஏறும்போது வலது கால் இன்றைக்கும் ஒரு நொடி யோசிக்கும்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண்ணு பட்டுவிட்டது என்றாள் அம்மா; ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய் எண்ணெய் தேய்த்தாள். சரியாக உடம்பைச் சூடாக்கவில்லை என்றான் ஒருத்தன். பொம்பளை முட்டி அவ்வளவுதான் தாங்கும் என்றார்கள் செவ்வாய்க்கிழமை மீனவர்கள், முன்பு அவளிடம் உட்கார்ந்து போனவர்கள். அமெர்லே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். ஏழு வருஷம் உழைத்த கால், வேண்டிய ஒரே நாளில் அவளை ஏமாற்றிவிட்டது. அதிலிருந்து அந்த முட்டிக்கு அவள் வைத்த பெயர் துரோகி. படி ஏறும்போது உள்ளங்கையால் அதன் மேல் பட்டென்று ஒன்று போட்டு, "ஏறுடி துரோகி" என்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என்னைப் போல ஒரு கேடுகெட்டவன் இருக்க முடியுமா?

வெள்ளை பூட்ஸை நான் விற்கவில்லை. எரிக்கவும் முடியவில்லை. அரிசிச் சாக்கில் சுற்றிக் கடைப் பலகைக்குக் கீழே கடைசியில் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். திங்கட்கிழமை பொதி வந்துவிடும்.

புகை முட்டியதில் அம்மாவுக்கு இருமல் அதிகமாகி அடுப்பை மூடிய பிறகு, அமெர்லே என்னோடு கடையில் உட்கார ஆரம்பித்தாள். வந்த மாதத்திலேயே வியாபாரம் அவள் கைக்குப் போயிற்று. நான் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். அவள் காலைப் பார்ப்பாள். எந்த இடத்தில் ஆடுகிறாய், எந்தத் தரை, எந்தக் காலை ஊன்றுவாய் என்று கேட்டுவிட்டுத்தான் பூட்ஸை எடுப்பாள். எடுத்ததும் கவிழ்த்து, ஸ்டட் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். இது அவளாகப் பழகிக்கொண்டது. அவள் அப்படி அழுத்துகிற ஒவ்வொரு முறையும் என் கண் பலகைக்குக் கீழே போய் வரும்.

போன மார்ச்சில் நகரத்தின் நீமா பகுதியிலிருந்து ரஹினா என்று ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். அதே புல் மைதானத்தில் அவளுக்கு ஜஸ்டிஃபை. எனக்கு அடுப்புக்கரி மாதிரி எதுவும் வேண்டாம், ஸ்னீக்கர் மாதிரி பளிச்சென்று வேண்டும், கேமரா வரும், என்றாளாம். நான் எதிர்க்கடையில் தண்ணீர் பாக்கெட் வாங்கப் போயிருந்தேன். தொங்குவது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை போல. அமெர்லே பலகைக்குக் கீழே குனிந்து தேடியிருக்கிறாள். நான் இரண்டு பாக்கெட்டோடு திரும்பியபோது சாக்கு பிரிந்து கிடந்தது. வெள்ளை பூட்ஸ் ரஹினாவின் கையில் இருந்தது. இதுதான், இதுதான் வேணும், என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொடும்மா, அடியப் பாத்துடலாம்" என்று அமெர்லே வாங்கினாள்.

அதைப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்த சிரிப்பு. இதை இன்னும் வச்சிருக்கியாண்ணே என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, கை பழக்கத்தில் கவிழ்த்தாள். இடதை அழுத்தினாள். வலதை அழுத்தினாள். மறுபடி இடதுக்கு வந்தாள். சாயம் இரண்டு வருஷத்தில் உரிந்துபோய், அரம் போன கோடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அந்த ரப்பர் வாசனை நான் நின்ற இடம் வரைக்கும் அடித்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன்.

"இது ஜோடி இல்லம்மா" என்று ரஹினாவிடம் சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மூலையில் தொங்கிய குட்டை ஸ்டட் வைத்த நீல ஜோடி ஒன்றை எடுத்து, அழுத்திப் பார்த்து, அவள் காலில் போட்டுவிட்டாள். பெண்ணுக்கு முகம் தொங்கிவிட்டது. சுமாராத்தான் இருக்குக்கா என்றாள். அமெர்லே பெட்டியில் கிடந்த சிவப்பு லேஸை எடுத்துக் கோர்த்து, இழுத்து முடிச்சுப் போட்டு, திரும்பிப் பாரு, சுழன்று பாரு, கால் விடுதா, என்று மூன்று முறை கேட்டாள். விடுகிறது என்று சொன்ன பிறகுதான் அனுப்பினாள்.

ரஹினா போன பிறகு கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அமெர்லே ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளை பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ சேத்து வச்சதா?"

"ஆமா."

"வலது பிடிக்குதுன்னு உன்கிட்ட வந்து சொன்னேனே. அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கட்டைவிரலால் அந்த அரக்கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றேன்.

ரயில் தண்டவாளத்தில் ஒரு பெண் ஆரஞ்சுக் கூடையோடு நடந்து போனாள். அவள் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் அமெர்லே பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைத் திட்டுவாள், பூட்ஸை முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன். எறிந்திருக்கலாம். அவள் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டாள். தூங்குகிற குழந்தையின் தலையைத் தொடுவது மாதிரி மெல்லத் தடவினாள்.

"நீ இல்லடி அது" என்றாள் முட்டியிடம். "ரெண்டு வருஷமா உன்னைப் போயி அடிச்சுக்கிட்டு இருந்தேனே."

அப்போதுதான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். விழுந்த அன்றுகூட அழவில்லை.

இப்போதும் தினம் கடைக்கு வருகிறாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுத்ததில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். சாப்பாட்டு வேளையில் எனக்கும் சேர்த்துத்தான் கெங்கியைப் பிரிக்கிறாள். தனிக்கட்டைப் பெட்டியை நான் காலி செய்துவிட்டேன், இனிக் கல்யாணம் கிடையாது. அதைப் பார்த்தாள், நல்லது என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. நான் எதை நீட்டினாலும், அது ஒரு தண்ணீர் பாக்கெட்டாக இருந்தாலும், கையில் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறாள்.